மாணவர் செயற்றிட்டங்களிற் குறிப்பேட்டுக்கு இடமளியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யூன் மாதத்திற் சுற்றாடல் தினம் நெருங்கியதும் எமது பாடசாலைகளில் நிலைபேறான அபிவிருத்தி பற்றிய கண்காட்சிகள் களைகட்டத் தொடங்கிவிடும். ரெஜிபோம் நுரைத்தகட்டில் வெட்டி ஒட்டிய காற்றாலைகளும் பச்சை வர்ணம் பூசிய மாதிரி வீடுகளும் மேசைகளில் அணிவகுத்து நிற்கும். அவற்றுட் பல, பெற்றார் இரவிரவாக விழித்திருந்து செய்தவை அல்லது காசு கொடுத்துச் செய்வித்தவை என்பது நடுவர்களுக்குத் தெரியாததன்று. (ரெஜிபோம் உணவுப் பெட்டிகள் 2017ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டன. சுற்றாடலைக் காக்கும்படி சொல்வதற்கு அதே ரெஜிபோம்தான் எமக்கு வேண்டியிருக்கிறது.)

யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிப் பாடசாலையொன்றிற் தரம் 10 மாணவர் சிலர், எவரும் பணிக்காமலே தொடங்கிய ஒரு முயற்சியை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் இதனை எழுதுகிறேன். மாரியில் நல்ல தண்ணீராக இருக்கும் பாடசாலைக் கிணறு ஆடி, ஆவணியில் ஏன் உவர்க்கிறது என்பதே அவர்களுடைய கேள்வி. கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போட்டு, நுனியில் இரும்புத் துண்டொன்றைக் கட்டி, வாரந்தோறும் நீர்மட்டத்தை அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதினார்கள். தொடக்கத்தில் எழுதிய அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. காவலாளி விடியற்காலையிலேயே மோட்டரைப் போட்டுத் தாங்கியை நிரப்பிவிடுவதால், தாங்கள் அளப்பது இறைத்து முடிந்த கிணற்றை என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். பழைய அளவுகளை அழிக்காமல், பக்கத்திற் சிவப்பு மையாற் காரணத்தையும் எழுதிவைத்துவிட்டு, மோட்டர் போடுமுன் அளக்க ஏற்பாடு செய்துகொண்டார்கள். நான் கற்பித்த காலத்தில் எந்தப் பாடப்புத்தகத்தைக் கொண்டும் அந்தச் சிவப்பு மைக் குறிப்பை எழுதவைக்க என்னால் முடிந்ததில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் நாம் நம்பியிருப்பது, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல் மிதந்துகொண்டிருக்கும் மழைநீரையே. அளவுக்கு மீறி இறைத்தால் மேலேயுள்ள நன்னீர் மெலிந்து, கீழேயுள்ள உவர்நீர் உயர்ந்து வரும். இதை நாம் கரும்பலகையில் எத்தனையோ தடவை படம் கீறிக் காட்டியிருக்கிறோம். கயிற்றின் முடிச்சுகள் ஒவ்வொன்றாக வெளியே தெரியவரும் மாதங்களிலேயே தண்ணீரின் உவர்ப்பும் கூடுவதை நாக்கில் உணர்ந்த பிள்ளைக்குப் படம் தேவைப்படவில்லை.

ஒரு கேள்வி அடுத்த கேள்விக்கு இட்டுச் சென்றது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். ஆண்டுக்கு ஏறத்தாழ 1200 மில்லிமீற்றர் மழை பெறும் இப்பகுதியில், 100 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையொன்றிலிருந்து, வீணாகும் ஐந்திலொரு பங்கைக் கழித்தாலும், 90 ஆயிரம் லீற்றருக்குக் குறையாத நீரைப் பெறலாம் எனக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்த மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பெய்துவிடுவதால், எவ்வளவு பெரிய தாங்கி கட்டினாலும் முழுவதையும் பிடித்துவைக்க முடியாது, எஞ்சியதை நிலத்துக்குள் இறக்கத்தான் வேண்டும் என்பதும் அவர்களுடைய முடிவே.

பின்னர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தத்தம் வீடுகளுக்குப் போனார்கள். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடியாவது இருக்கவேண்டும் என்பது நாம் கேட்டுப் பழகிய விதி. இரண்டு பரப்புக் காணிக்குள் வீடும் கிணறும் குழியும் அடங்கவேண்டிய இடங்களில், அயல்வீட்டுக் குழியையும் சேர்த்துப் பார்த்தால், அந்த இடைவெளி கிடைப்பதில்லை. வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லில் அதுவும் போதாமற் போகலாம். உரத்திலிருந்தும் மலக்கழிவிலிருந்தும் நீரிற் கலக்கும் நைத்திரேற்று எனும் உப்பு, குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் போடும் உரத்தோடு இக்குழிகளும் எமது கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டுகின்றன. “அளந்து என்ன செய்யப்போறாய், கிணத்தை இடம் மாத்தலாமோ?” என்று ஒரு தாய் கேட்டாராம். நியாயமான கேள்விதான். அடுத்த முறை குழி கட்டும்போது அடித்தளமும் பூசிய, கசியாத தொட்டியாகக் கட்டலாம் என்று மகள் சொன்ன பதிலும் குறிப்பேட்டில் இருக்கிறது.

பாடசாலை மூலையிற் கூட்டெருக் குவியலும் போட்டார்கள். சந்தைக் கழிவை மட்டும் கொட்டியதில் முதற் குவியல் நாறியது. பூவரசஞ் சருகும் பனையோலைத் துண்டுகளும் கலந்து கிளறிய பிறகு, உள்ளே செருகிய இரும்புக் கம்பியை வெளியே இழுத்ததும் கையிற் பிடிக்க முடியாத சூடு இருந்தது. பனையோலையையும் பூவரசங் குழையையும் தோட்டத்திற் புதைத்த எமது பாட்டன்மாருக்கு இது புதினமாக இருந்திராது.

இத்தனைக்கும் பிறகு அக்குறிப்பேட்டை ஒரு போட்டிக்குக் கொண்டுபோனபோது அதனை எவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. புள்ளித்தாளில் மாதிரியுருவுக்கும் மேடைப் பேச்சுக்கும் இடமிருந்தது. ஓராண்டு அளந்து எழுதியதற்கு இடமிருக்கவில்லை. நான் ஆட்சேபிப்பது இதனையே. பாடசாலைமட்டக் கணிப்பீட்டிலும் போட்டிகளிலும் திகதியிட்ட குறிப்பேட்டுக்குப் புள்ளிகளிற் பாதியையாவது ஒதுக்கவேண்டும். பிழைத்துப்போன அளவுகளுக்கும் அவற்றுக்குக் கண்ட காரணங்களுக்கும் புள்ளி உண்டென்பது மாணவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. பாடசாலை விட்டால் தனியார் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமையும் தனியார் வகுப்பு என்றிருக்கும் பிள்ளை எந்த நேரத்திற் கிணற்றை அளக்கும்? அதனாலேயே இதற்கான நேரம் பாடசாலை நேரசூசிக்குள், கிழமைக்கு இரு பாடவேளைகளாகவேனும் அமையவேண்டும் என்கிறேன். மாணவர் தாமாகச் செய்வது என்றால் ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று பொருளல்ல. கிணற்றுக்கட்டில் ஏறும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்கத்தான் வேண்டும், கணக்கைச் சரிபார்க்கவும் வேண்டும். கேள்வியை மட்டும் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிடக்கூடாது.

இம்மாணவர் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும்போது கயிறும் குறிப்பேடும் அலுமாரிக்குள் போய்விடக்கூடும் என்பது என் கவலை. தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்ட பின்னர், குழாய்நீர் வருந்தானே என்று கிணறுகளைக் கைவிடும் மனப்போக்கும் தலைகாட்டுகிறது. ஆகவே கீழ்வகுப்பு மாணவரிடம் குறிப்பேட்டைக் கையளிப்பதை அதிபர்கள் ஓர் ஒழுங்காக்கவேண்டும். தங்கள் பத்திரிகையும் மாணவர் பகுதியில் மாதமொருமுறை சிறிய கட்டமொன்றை ஒதுக்கி, பாடசாலைகள் அனுப்பும் கிணற்று நீர்மட்ட அளவுகளை ஊர்வாரியாக வெளியிட முன்வருமா? வரும் ஐப்பசி மழைக்கு முன் தொடங்கினால், ஆடியில் எந்த ஊரில் எவ்வளவு இறங்கியது என்பதை எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை விஞ்ஞான ஆசிரியை,
கோண்டாவில்.