க்ரீம் இல்லாத ஆல்ஃபிரெடோ

அன்புள்ள வசந்தி,

நலம். உன் இரண்டு கடிதங்களும் வந்து சேர்ந்தன. இதை இரண்டுக்கும் சேர்த்த பதிலாக வைத்துக்கொள். திட்டுவதாக இருந்தால் கடைசியில் திட்டு.

ரகுவின் இரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு எல்லையைத் தாண்டிவிட்டது. வெண்ணெய், க்ரீம், சீஸ் ஆகியவற்றை வெகுவாகக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நடைப்பயிற்சி உட்பட எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மனிதர், வெண்ணெயும் க்ரீமும் சீஸும் கலந்த சாஸில் புரட்டும் ஆல்ஃபிரெடோ பாஸ்தாவை மட்டும் விட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். அவருடைய அடம் உனக்குத் தெரியாததா?

ஆகவே கொஞ்ச நாளாக எனக்கு அந்தச் சாஸைத் தவிர வேறு நினைப்பே இல்லை. ரோமில் 1914-இல் சொந்த உணவகம் திறந்த ஆல்ஃபிரெடோ டி லெலியோவின் செய்முறையில் க்ரீமே கிடையாது, தெரியுமா? வெண்ணெயும் பார்மீசான் சீஸும் பாஸ்தா வெந்த நீரும் மட்டும்தான். 1920-இல் தேனிலவுக்கு ரோம் சென்ற ஹாலிவுட் நட்சத்திரங்கள் மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பேங்ஸும் அதைச் சாப்பிட்டுத்தான் சொக்கிப்போனார்கள். க்ரீம் பிறகு அமெரிக்காவில் வந்து ஒட்டிக்கொண்டது. இதைக் கேட்டதும் ரகு, “அப்படியானால் அசலையே செய்துவிடு” என்றார். அசலில் வெண்ணெய் எவ்வளவு என்று சொன்ன பிறகுதான் அடங்கினார்.

நால்வருக்கு நாம் வழக்கமாக ஊற்றும் 250 மில்லி க்ரீமிலும் 60 கிராம் வெண்ணெயிலும் மட்டும் ஏறக்குறைய 140 கிராம் கொழுப்பு இருக்கிறது. அந்தக் கொழுப்பு சாஸுக்குக் கெட்டித்தன்மை தருகிறது, மணத்தை நாவில் நிறுத்துகிறது. முதல் வேலையை மாவுப்பொருளிடம் ஒப்படைத்துவிடலாம். இரண்டாவது வேலைக்குத்தான் ஆள் கிடைப்பது கடினம். அதனால் சீஸைக் குறைத்தாலும் அதன் தரத்தைக் குறைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். கொழுப்பு நீக்கிய சீஸ் ஒழுங்காக உருகுவதில்லை. நன்கு முதிர்ந்த பார்மீசானோ 40 கிராம் போட்டாலே போதிய ருசியைக் கொடுத்துவிடுகிறது.

இப்போது செய்வது இப்படி. 300 மில்லி கொழுப்பு குறைந்த பாலில், அது குளிர்ந்திருக்கும்போதே, ஒரு மேசைக்கரண்டி சோளமாவைக் கட்டி தட்டாமல் கரைத்து வைத்துக்கொள்கிறேன். ஒரு தேக்கரண்டி வெண்ணெயில் நசுக்கிய பூண்டை, நிறம் மாறாமல் வாசனை மட்டும் எழும்படி, சிறு தீயில் வதக்கிப் பாலை ஊற்றுகிறேன். பிறகு கரண்டியை எடுக்கக் கூடாது. முதலில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். திடீரென்று அடியில் கரண்டி கனக்கத் தொடங்கும், குமிழிகள் சோம்பலாக வெடிக்கும். அதன்பின் ஒரு நிமிடம் கொதித்தால்தான் பச்சை மாவு வாசனை போகும். அடுப்பை அணைத்து, சூடு சற்றுத் தணிந்த பிறகே சீஸைத் தூவுகிறேன். கொதிக்கும் சாஸில் போட்டால் சீஸின் புரதம் இறுகி, நெய்யை வெளியே தள்ளிவிட்டு, நூல்நூலாகத் திரண்டுவிடும். துருவலாக விற்கும் சீஸும் வேண்டாம்; ஒட்டாமலிருக்க அதில் சேர்க்கும் பொடி சாஸை நறநறவென்று ஆக்கிவிடும். கடைசியில் பாஸ்தா வெந்த நீர் ஒரு கரண்டி, மிளகு, கொஞ்சம் ஜாதிக்காய். எலுமிச்சை பிடித்தால் தோலை மட்டும் துருவிப்போடு. சாற்றைப் பிழிந்தால் பால் திரிந்துபோகும் அபாயம் இருக்கிறது.

இப்படிச் செய்தால் மொத்தக் கொழுப்பு 25 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. அசலுக்கு நிகர் என்று சொல்ல மாட்டேன். வாயெல்லாம் படரும் அந்த வழவழப்பு இதில் இல்லை. ஆறினால் சீக்கிரம் இறுகியும் விடுகிறது. க்ரீமுக்குப் பதிலாக நீ சொன்ன காலிஃபிளவர் விழுதையும் பரிசீலித்தேன், கோபித்துக்கொள்ளாதே. அது சுவையான காலிஃபிளவர் சாஸ். அதை ஆல்ஃபிரெடோ என்று மரகதத்திடம் வேண்டுமானால் சொல், அவள் எதையும் நம்புவாள்.

கேலி இருக்கட்டும். மாமாவுக்கு மாரடைப்பு நேர்ந்தது 52 வயதில். ரகுவுக்கு அடுத்த மாதம் அந்த வயது ஆகிறது. அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. ஆனால் தட்டில் எத்தனை கிராம் என்று இப்போதெல்லாம் அவரே கேட்கிறார். நேற்று முழுவதையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “என்னவோ குறைகிறது” என்றார். குறைவது 115 கிராம் கொழுப்பு என்றேன்.

மீந்ததைச் சூடாக்கும்போது ஒரு வாய் பால் விட்டுச் சிறு தீயில் கிளற வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். நீயும் ஒருமுறை செய்து பார்த்து, குறையை ஒளிக்காமல் எழுது. பூண்டைக் கூட்டலாமா என்பதில்தான் எனக்கு இன்னும் தீர்மானம் வரவில்லை.

அன்புடன்,
சாரதா