பம்பராவும் குளவியா? இலங்கையின் தேனீ வல்லுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தேனீ ஆய்வாளர்களுக்கும் தேனீ வளர்ப்பு உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். கொழும்பு, கொட்டாஞ்சேனையில் இருந்து எழுதுகிறேன். சிங்களத்தில் பம்பரா என்கிற மலைத்தேனீ கொட்டினாலும் தமிழில் குளவி என்றே எழுதுகிறோம்; அதைப் பற்றித்தான் இந்த மடல். சிங்களத்தில் வரும் செய்திகளையும் அறிவித்தல்களையும் தமிழாக்குவது என் தொழில். பிறந்து வளர்ந்தது ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மா இன்னும் அங்கேதான் கொழுந்து எடுக்கிறார்.

போன வருஷம் ஒரு நாள் நாலாம் நம்பர் மலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது அம்மாவுக்கும் இன்னும் ஆறு பேருக்கும் கொட்டிவிட்டது. கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு, தலையில் இருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்திருக்கிறார்கள். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒருவர் சிங்களத்தில் கேட்டிருக்கிறார்: பம்பராவா, தெபராவா? அம்மாவுக்கு அது விளங்கவில்லை. குளவி என்று சொன்னார். சீட்டிலும் குளவி என்றே விழுந்தது.

நான் இரவு பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் பின்கழுத்திலும் காதோரத்திலும் கொடுக்குகள் அப்படியே தைத்திருந்தன. கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எடுத்தேன். 23 இருந்தன. அதற்குள் அவற்றில் இருந்த விஷமெல்லாம் எப்போதோ உள்ளே இறங்கியிருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

உங்களுக்கு இது பாலபாடம். கொடுக்கு தோலிலேயே நின்றால் கொட்டியது தேனீ. அதன் கொடுக்கில் முள் இருப்பதால் விஷப்பையோடு பிய்ந்து நின்றுவிடுகிறது. தேனீ போன பிறகும் அந்தப் பை விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால் கொட்டிய கையோடு, நகத்தாலோ எதாலோ, எடுத்துவிட வேண்டும். குளவி கொடுக்கை விட்டுப் போவதில்லை; ஒன்றே பல தடவை கொட்டும். சிங்களத்தில் பம்பரா என்பது மலைத்தேனீ, தெபரா என்பது குளவி. ஆஸ்பத்திரியில் கேட்டவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். அந்தக் கேள்வி தமிழில் அம்மாவிடம் வந்து சேரவில்லை.

அம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு, எப்படி இருந்தது என்று கேட்டேன். "அந்த டர்பன்டைன் மரத்துக் கொப்புல பலகை மாதிரி கறுப்பாத் தொங்கும்ல, கழுகு வந்தா முழுக்க அலை அலையா ஆடும்ல, அதுதான்" என்றார். ஒரே ஒரு பெரிய அடை, அதன் மேல் ஆயிரக்கணக்கில் திரையாகப் படிந்திருக்கும் தேனீக்கள், எதிரியைக் கண்டால் வயிற்றைத் தூக்கித் தூக்கி எழுப்பும் அந்த அலை. உங்கள் பாடநூலில் இருக்கிற மலைத்தேனீயை அப்படியே சொல்லிவிட்டார். குளவிக் கூடு வேறு மாதிரி; மரநாரை மென்று செய்த கடதாசி உருண்டை. அதையும் அம்மா பார்த்திருக்கிறார். பார்த்துப் பழகியவர் வாயில் இரண்டுக்கும் குளவி என்ற ஒரே சொல்லை வைத்தது யார்?

அதில் என் பங்கும் உண்டு. "குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தோட்டத் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி" என்ற வரியை நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். மூலத்தில் பம்பரா என்று இருந்தபோதும் குளவி என்றே போட்டேன். எல்லாரும் அப்படித்தான் போட்டார்கள். கழுகு கூட்டைக் கலைத்ததால் வந்தது என்று அடிக்கடி எழுதுவோம். அந்தக் கழுகு பெரும்பாலும் தேன்பருந்தாக இருக்கலாம் என்பதும் இப்போதுதான் உறைக்கிறது. அது தேனீக் கூட்டையும் குளவிக் கூட்டையும் இரண்டையுமே பிய்க்கும் பறவை. ஆகவே பருந்தை வைத்து மட்டும் எது கொட்டியது என்று சொல்லிவிட முடியாது. கூட்டைப் பார்த்தவர் சொல்ல வேண்டும், கேட்பவர் எழுத வேண்டும்.

சொல் மாறினால் செய்ய வேண்டியதும் மாறுகிறது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தேனீ கொட்டினால் அந்த இடத்தில் பரவும் வாசனை மற்றத் தேனீக்களையும் அங்கே இழுக்கிறது. விழுந்தவரைத் தூக்கப் போகிறவருக்கும் ஆபத்து என்பது அதனால்தான். அப்புறம், கூட்டை என்ன செய்வது என்ற கேள்வி. மலைத்தேனீ ஓரிடத்தில் நிரந்தரமாக இருப்பதில்லை. பருவம் முடிந்தால் அடையை விட்டுப் போகும், பல இடங்களில் திரும்ப அதே மரத்துக்கே வரும். நிக்கோலஸ் கோனிகரும் குட்ரூன் கோனிகரும் இந்த இடப்பெயர்வை நம் நாட்டிலேயே ஆராய்ந்து 1980-இல் கட்டுரை எழுதினார்கள். அத்தனை வருஷமாக இருக்கும் அறிவு அது. எந்தப் பக்கத்து மலைகளுக்கு எந்த மாதத்தில் அவை வருகின்றன என்று ஒரு நாட்காட்டி போட்டு, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் தமிழில் ஒட்டியிருந்தால் கங்காணி அந்த வாரங்களில் அந்த மரத்தடி நிரையை விட்டுவைத்திருப்பார். இப்போது நடப்பது என்ன? ஆட்கள் விழுந்த பிறகு, இரவில் தீப்பந்தம் கட்டிக் கூட்டைக் கொளுத்துகிறார்கள். காட்டு மரங்களுக்கு மகரந்தம் சுமக்கும் உயிர் கருகிப் போகிறது. அடுத்த வருஷம் வேறொரு கூட்டம் அதே கொப்புக்கு வருகிறது.

கனடாவில், மாகாணங்களின் தேனீ உத்தியோகத்தர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்த ஒரு தேசியத் தொழில்முறைச் சங்கம் இருக்கிறது. 2007 முதல் வருஷந்தோறும், குளிர்காலம் முடிந்ததும், எல்லா மாகாணங்களிலும் எத்தனை கூடுகள் அழிந்தன என்று கணக்கெடுத்து வெளியிடுகிறார்கள். 2022-இல் நாட்டின் கூடுகளில் சுமார் 45 சதவீதம் போய்விட்டது என்று அவர்கள் சொன்னபோது, அது அரசாங்கமும் மறுக்க முடியாத எண்ணாக இருந்தது. தேனீ நோய்கள் பற்றிய கையேட்டை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் போடுகிறார்கள். இரண்டு ஆட்சிமொழி உள்ள நாடு, இரண்டிலும் போடுகிறது. நமக்கும் ஆட்சிமொழி இரண்டு.

உங்களில் பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ தேனீ வளர்ப்புப் பிரிவில் இருப்பவர்களுக்குப் பெட்டித் தேனீ கைவசம். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பவர்களுக்கு மலையும் நிரையும் தெரியும். பல்கலைக்கழகங்களில் இருப்பவர்களுக்கு இனங்களைப் பிரித்தறியும் கண் இருக்கிறது. வைத்தியர்களிடம் நோயாளர் சீட்டுகள் இருக்கின்றன. நீங்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, தேசிய அளவில், ஒரே குரலில் தமிழில் சொன்ன ஒரு வரியைக்கூட நான் வாசித்ததில்லை. செய்தி தமிழாக்கும் வேலையில் இருக்கிற எனக்கே வந்து சேரவில்லை என்றால் லயத்துக்கு எப்படிப் போகும்?

பெரிய மாநாடு வேண்டாம். முதலில், கொட்டியது எது என்று பதிய, கொடுக்கு இருந்ததா, கூடு எப்படித் தொங்கியது என்ற இரண்டு கேள்விகளோடு ஒரு படிவம் போதும். சிங்களத்திலும் தமிழிலும் இருக்கட்டும். தோட்டத்து டிஸ்பென்சரிகளில் வையுங்கள். வருஷக் கடைசியில் எண்ணி வெளியிடுங்கள். கொட்டு வாங்கியவருக்கு மூச்சு முட்டினால் உடனே அட்ரினலின் போட வேண்டும். நிறையக் கொட்டியிருந்தால் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். இதெல்லாம் வைத்தியர்களுக்குத் தெரியும். மலையில் இருந்து டிஸ்பென்சரிக்கு வரும் வரை என்ன செய்வது என்பதை மட்டும் நீங்கள் எங்கள் மொழியில் சொல்லுங்கள்.

படிவத்தையும் நாட்காட்டியையும் சிங்களத்தில் எழுதி அனுப்பினால் நான் தமிழாக்கித் தருகிறேன். பணம் எதுவும் வேண்டாம். அச்சுக்குப் போகுமுன் அம்மாவிடமும் மற்ற ஆறு பேரிடமும் வாசித்துக் காட்டி, லயத்தில் விளங்காத சொல்லை மாற்றிவிட்டே அனுப்புவேன். டர்பன்டைன் மரத்தில் அடை திரும்பவும் கட்டத் தொடங்கியிருக்கிறது என்று போன ஞாயிறு அம்மா போனில் சொன்னார்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்