பழனி மலையில் தேனீ வளர்ப்போருக்குத் தமிழில் கையேடும் நூலக வசதியும் வேண்டி மனு

அனுப்புநர்
தாண்டிக்குடி, பண்ணைக்காடு சுற்றுவட்டாரத்தில் வீட்டளவில் தேனீ வளர்ப்போர்,
கொடைக்கானல் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திண்டுக்கல்.

பொருள்: பழனி மலைப்பகுதியில் இந்தியத் தேனீ வளர்ப்போருக்குத் தமிழில் கையேடு, நூலகங்களில் தேனீ நூல்கள், இரவல் கருவிகள், மலையிலேயே பயிற்சி கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்த மனுவில் கையெழுத்திட்டிருப்பவர்கள் 17 பேர். பெரும்பாலோர் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் காபித் தோட்டம் வைத்திருப்பவர்கள். ஒருவர் பேருந்து நடத்துநர், இருவர் கல்லூரியில் படிக்கிறார்கள், நான் தையல் கடை நடத்துகிறேன். ஒவ்வொருவர் வீட்டுப் பின்புறத்திலும் ஒன்று முதல் ஐந்து தேனீப் பெட்டிகள் இருக்கின்றன. தேன் விற்றுப் பிழைக்கிறவர்கள் எங்களில் யாரும் இல்லை. வீட்டுத் தேவைக்கு எடுத்துக்கொள்வோம், மிஞ்சினால் அக்கம்பக்கத்தில் கொடுப்போம். ஆசைக்கு வளர்க்கிறோம் என்பதுதான் உண்மை.

பெட்டியோ மானியமோ கேட்டு இதை நாங்கள் எழுதவில்லை. பெட்டி வாங்கியவர்களுக்கு அதற்கப்புறம் படித்துத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை என்பதுதான் எங்கள் குறை. அதனால் என்ன நேர்கிறது என்பதற்கு எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

2019-இல் ஒரு பயிற்சிக்குப் போய் இரண்டு பெட்டி வாங்கி வந்தேன். கூடவே ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகமும் கொடுத்தார்கள். இரண்டு வருடம் நன்றாகப் போயிற்று. 2021 தை மாதத்தில் ஒரு பெட்டியில் தேனீக்கள் குறைந்துகொண்டே வந்தன. தேனீ அடை கட்டுவதற்காகப் பெட்டிக்குள் தொங்கும் மரச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தேன். மெழுகு மூடியிருக்க வேண்டிய புழு அறைகளில் பாதி திறந்து கிடந்தன. உள்ளே புழுக்கள் மல்லாந்து நீட்டி, தலைப்பக்கம் மட்டும் படகு முனை போல் மேலே தூக்கிக்கொண்டு செத்துக் கிடந்தன. தீக்குச்சியால் ஒன்றை மெதுவாக எடுத்தேன். நசுங்கவில்லை, முழுசாக வந்தது. தோல் ஒரு சின்னப் பையாகி, அதற்குள் தண்ணீர் கோத்திருந்தது.

என்னவென்று தெரியவில்லை. மகள் அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் படித்துச் சொன்னாள். வலுக் குறைந்த கூட்டத்துக்கு வலுவான கூட்டத்திலிருந்து புழு அடையை, அதாவது புழுக்கள் வளரும் மெழுகு அறைகள் உள்ள சட்டத்தை, எடுத்துக் கொடுக்கலாம் என்று அதில் இருந்தது. சரி என்று அப்படியே செய்தேன். நோய்ப் பெட்டியிலிருந்து எடுத்த சட்டங்களில் நல்ல தேன் இருந்தது. வீணாக வேண்டாம் என்று அவற்றை மற்றப் பெட்டிக்குள் வைத்தேன். ஒரு மாதத்துக்குள் இரண்டு பெட்டியும் காலி.

அது தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்னும் நச்சுயிரி நோய் என்று பிறகு கோவையில் ஒரு பயிற்சியில் படம் காட்டியபோதுதான் தெரிந்தது. 1991, 1992 வாக்கில் கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பரவி, மார்த்தாண்டம் பக்கம் பெட்டி பெட்டியாகத் தேனீக்களை அழித்த அதே நோய். இதற்கு மருந்து கிடையாது. ஆனால் செய்ய வேண்டியவை உண்டு. நோய் கண்ட அடைகளை எடுத்து அழித்துவிட வேண்டும். ராணியைச் சில நாள் கூண்டில் அடைத்து முட்டையிடுவதை நிறுத்த வேண்டும். மிச்சமிருக்கும் தேனீக்களைக் குறைந்த சட்டங்களுக்குள் நெருக்கி வைக்க வேண்டும். ஒரு பெட்டியின் சட்டத்தை இன்னொரு பெட்டிக்கு மாற்றவே கூடாது. நோய்க்குத் தப்பிய கூட்டங்களிலிருந்துதான் புதுக் கூட்டங்களைப் பெருக்க வேண்டும். இவ்வளவும், இரண்டு வண்ணப் படங்களும், ஒரே பக்கத்தில் அடங்கும். அந்த ஒரு பக்கம் தமிழில் என் கையில் இருந்திருந்தால் ஒரு பெட்டியாவது தப்பியிருக்கும். கையெழுத்திட்டவர்களில் இன்னும் 6 பேர் இதே போல் கூட்டங்களை இழந்தவர்கள்.

அந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தது தப்பில்லை. நோயில்லாத கூட்டத்துக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் அது இத்தாலியத் தேனீக்காக எழுதியது. எங்களிடம் இருப்பது இந்தியத் தேனீ, நாங்கள் அடுக்குத் தேனீ என்று சொல்வது. இரண்டும் உடலளவில் வேறு, குணத்தில் அதைவிட வேறு. வெளிநாட்டுப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக வருவது வர்ரோவா என்ற உண்ணியைப் பற்றி. எங்கள் தேனீ அந்த உண்ணியோடு காலங்காலமாக வாழ்ந்து பழகியது. தன் மேல் ஏறினால் பிடித்துக் கடித்துப் போட்டுவிடும். எங்களுக்குப் பெரிய கவலை கூட்டம் ஓடிப்போவதுதான். பட்டினி கிடந்தாலும், எறும்பு ஏறினாலும், மெழுகுப் பூச்சி அடையில் நூல் கட்டினாலும், ஆசையில் நாம் அடிக்கடி மூடியைத் திறந்தாலும், ஒருநாள் காலையில் பெட்டி வெறுமையாக இருக்கும். இதைப் பற்றி அந்தப் புத்தகத்தில் இரண்டு வரிதான் இருந்தது.

நாங்கள் வைத்திருக்கும் பெட்டியே நியூட்டன் பெட்டி. 1910-களில் நியூட்டன் என்ற ஜேசு சபைப் பாதிரியார் நம் ஊர்த் தேனீக்கு ஏற்ற அளவில் சின்னதாக அமைத்துத் தென்னிந்தியாவில் பரப்பியது. இத்தாலியத் தேனீக்கான சட்ட அளவும், அடை கட்டத் தொடக்கமாகச் சட்டத்தில் பொருத்தும் மெழுகுத் தாளின் அறை அளவும் இதற்குச் சேராது. எங்களில் ஒருவர் தெரியாமல் அந்த மெழுகுத் தாளை வாங்கி வெட்டி வைத்தார். தேனீக்கள் அதைக் கடித்துத் துப்பிவிட்டு, இரண்டு சட்டத்துக்கும் குறுக்கே தங்கள் இஷ்டத்துக்கு அடை கட்டின. சட்டத்தைப் பிரிக்க முடியாமல் கத்தியால் அறுத்தபோது ராணி நசுங்கிவிட்டது.

அடுத்தது பூக்காலம். எந்த மாதம் எது பூக்கிறது என்று தெரியாமல் தேனீ வளர்க்க முடியாது. சமவெளிக்காக எழுதிய குறிப்புகள் சூரியகாந்தியையும் தென்னையையும் சொல்கின்றன. எங்களுக்கு மார்ச், ஏப்ரலில் பூ மழை, அதாவது காபியைப் பூக்க வைக்கும் கோடை மழை, பெய்தால் அடுத்த பத்து நாளுக்குள் காபி ஒரேயடியாகப் பூக்கும். மலை முழுக்க மல்லிகை வாசம் அடிக்கும். மூன்று நான்கு நாளில் வாடிவிடும். அதற்குள் கூட்டம் வலுவாக இருந்தால்தான் தேன் சேரும். அதற்கு முன்னால் கல்யாண முருங்கை, அப்புறம் நாவல், சில்வர் ஓக், ஏலம். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பனிமூட்டத்திலும் தேனீ வெளியே போகவே முடியாது. அப்போது சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்து வைக்காவிட்டால் கூட்டம் ஓடிவிடும். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். நாங்கள் அதைவிட நன்றாகக் கீழே இருக்கிறோம். அங்கே தைல மரம், இங்கே காபி. ஒரே வட்டத்துக்குள் இரண்டு பூக்காலம். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க ஆள் இல்லை.

2018-இல் குறிஞ்சி பூத்தபோது எங்களில் மூத்தவர்கள் சிலரிடம் பெட்டி இருந்தது. எந்த வாரத்தில் தேன் நிறைந்தது, எவ்வளவு எடுத்தார்கள் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அடுத்த பூப்பு 2030-இல். இந்த முறையாவது குறித்து வைக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

நூலகத்தில் தேடாமல் இல்லை. பக்கத்து ஊர் நூலகத்துக்குப் போய் விவசாய அடுக்கு முழுவதும் பார்த்தேன். ஆடு வளர்ப்பு, காளான், மண்புழு உரம் எல்லாம் இருந்தன. சுயதொழில் பற்றிய ஒரு புத்தகத்தில் தேனீக்கு நான்கு பக்கம். அதில் பாதி, எவ்வளவு லாபம் வரும் என்ற கணக்கு. நூலகர் நல்ல மனிதர். பட்டியல் எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார். பட்டியலில் எழுத எங்களுக்கே நூல் தெரியவில்லை.

எதுவுமே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தேனீ வளர்ப்பு பற்றித் தமிழிலேயே பக்கங்கள் இருக்கின்றன. கோவையில் மாதந்தோறும் ஒரு நாள் பயிற்சியும் நடக்கிறது. நான் போய் வந்தேன், சொல்லிக் கொடுத்தவர்கள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் மலையிலிருந்து கோவை போய்வர இரண்டு நாள் கூலி போகிறது. ஒரே நாளில் வருடம் முழுவதற்குமான வேலையைக் கேட்டால் திரும்பி வரும் பேருந்திலேயே பாதி மறந்துவிடுகிறது. இணையத்தில் பார்க்கலாம் என்றால் தோட்டத்துக்குள் சிக்னல் கிடைப்பதில்லை. மத்திய அரசின் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கம், காதி ஆணையத்தின் தேன் இயக்கம் போன்றவை தேனீ வளர்ப்பைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு உதவுகின்றன, அது தேவைதான். இரண்டு பெட்டிக்காரர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆனால் எங்கள் பெட்டியிலிருந்து கிளம்பும் தேனீ வேலி பார்த்துப் பறப்பதில்லை. ஏலக்காய் காய்ப்பது பெரும்பாலும் தேனீயை நம்பித்தான். காபியிலும் தேனீ வந்தால் காய்ப்பிடிப்பு கூடும். பெட்டியே வைக்காத பக்கத்துத் தோட்டக்காரருக்கும் அதில் பங்கு உண்டு.

ஆகவே ஐயா/அம்மா அவர்களிடம் கேட்டுக்கொள்வது இவை.

எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு கையேடு. பழனி மலையின் இந்தியத் தேனீக்கென்றே, எளிய தமிழில், 60 பக்கத்துக்கு மேல் போகாமல். பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை, கொடைக்கானல் ஆராய்ச்சி நிலையங்களும், தாண்டிக்குடியில் உள்ள காபி ஆராய்ச்சி நிலையமும் எங்கள் அருகிலேயே இருக்கின்றன. அங்குள்ள விஞ்ஞானிகளை எங்களோடு உட்காரவைத்து எழுதச் செய்தால் நன்றாக வரும். நோய்ப் படங்கள் வண்ணத்தில், புழு கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் செத்த புழுவும் நல்ல புழுவும் ஒன்று போலத்தான் தெரியும். தாள் வழவழப்பாக, துடைத்தால் போகிற மாதிரி இருந்தால் நல்லது. பெட்டிக்குப் பக்கத்தில் தேன் கையோடுதான் அதைப் புரட்டுவோம். 500 பிரதிகள் அச்சிட்டால் இந்த மலைக்குப் போதும். பூக்கால அட்டவணையை உயரத்துக்கு ஒன்றாக இரண்டு பக்கத்தில் சேர்க்க வேண்டும். எங்களில் மூன்று பேர் 2022 முதல் நோட்டில் குறித்து வருகிறோம். அந்த நோட்டுகளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறோம், பயன்படுத்திக்கொள்ளலாம்.

நூலகங்களைப் பொறுத்தவரை, கொடைக்கானல் வட்டத்தின் கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் தேனீக்கு ஓர் அடுக்கு ஒதுக்கி, இந்தக் கையேட்டோடு பல்கலைக்கழக வெளியீடுகளையும் வாங்கி வைக்க மாவட்ட நூலக அலுவலருக்கு உத்தரவிட வேண்டுகிறோம். அதே நூலகத்தில் ஒரு புகைப்பான், முகவலை, கையால் சுற்றித் தேன் எடுக்கும் இயந்திரம் ஆகியவற்றையும் புத்தகம் போலவே இரவல் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். அந்த இயந்திரம் வருடத்தில் நான்கு நாள் தேவைப்படும் பொருள். இரண்டு பெட்டிக்காரர் அதைச் சொந்தமாக வாங்க மாட்டார், அடையைப் பிழிந்துதான் தேன் எடுப்பார். பிழிந்தால் புழுவும் சாகிறது, தேனீ மறுபடி முதலிலிருந்து அடை கட்ட வேண்டியிருக்கிறது.

பயிற்சி மலையிலேயே வேண்டும். ஒரே நாளாக இல்லாமல், கூட்டம் பிரியும் தை, மாசியில் ஒன்று, காபித் தேன் எடுக்கும்போது ஒன்று, மழைக்கு முன் புரட்டாசியில் ஒன்று. கையில் சட்டத்தைப் பிடித்துக் கற்றுக்கொள்ள எங்கள் பெட்டிகளையே திறந்து வைக்கிறோம், இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் நாங்கள் பொறுப்பு.

படிக்கத் தெரியாதவர்களும் எங்களில் உண்டு. கொடைக்கானல் பண்பலை வானொலி எங்கள் தோட்டங்களில் காலையிலிருந்து பாடிக்கொண்டே இருக்கும். வாரம் பத்து நிமிடம், அந்த வாரம் பெட்டியில் என்ன பார்க்க வேண்டும் என்று அதில் சொல்ல, நிலையத்தாரிடம் மாவட்ட நிர்வாகம் கேட்டுக்கொண்டால் கட்டாயம் பலருக்குப் போய்ச் சேரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த மலையில் தேனீயைப் பற்றி எங்களைவிடப் பல தலைமுறை கூடுதலாகத் தெரிந்தவர்கள் பளியர் மக்கள். பாறையில் கட்டும் மலைத்தேனீ எப்போது வரும், எப்போது போகும், எந்தப் பூவின் தேன் கசக்கும் என்று அவர்கள் சொல்வது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. கையேட்டில் அவர்கள் சொல்வதைச் சேர்ப்பதானால் அவர்கள் சம்மதத்தோடு, பெயர் போட்டு, உரிய ஊதியம் கொடுத்துச் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய விருப்பம்.

மே 20 உலகத் தேனீ நாள். அதே மாதத்தில் கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சியும் நடக்கும். இந்த வருடம் அங்கே கையேட்டின் முதல் பிரதியை வெளியிட முடிந்தால் மிகவும் மகிழ்வோம். அதற்குள் அச்சாவது சிரமம் என்றால், நோய் பற்றிய அந்த ஒரு பக்கத்தையாவது வண்ணத் துண்டறிக்கையாக இந்த மாதமே அச்சிட்டுத் தர வேண்டுகிறோம். நோய் எங்களைத் தாக்கியது தை, மாசியில்தான். இப்போது மார்கழி பாதி முடிந்துவிட்டது.

ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தாண்டிக்குடி, பண்ணைக்காடு சுற்றுவட்டாரத் தேனீ வளர்ப்போர் 17 பேர்

இடம்: பண்ணைக்காடு
நாள்: 05.01.2026

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், பூக்காலக் குறிப்பு நோட்டுகளின் நகல், நோயுற்ற அடையின் நிழற்படங்கள் 4.

நகல்: மாவட்ட நூலக அலுவலர், திண்டுக்கல்.