சித்திரை இலைக்கு ரங்கூன் வெஞ்சனம்

அன்புள்ள தோழிக்கு,

இங்கே ரங்கூனில் எல்லோரும் நலம். உன் கடிதம் மாசியிலேயே வந்துவிட்டது. இவருக்குக் கண்புரை எடுத்த அலைச்சலில் பதில் தள்ளிப்போயிற்று. இப்போது கண் தெளிந்து, பழையபடி காலையில் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். பேத்தி பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கிறாள். கரண்ட் வருவதும் போவதுமாக இருப்பதால் மாவரைப்பதை எல்லாம் அது இருக்கிற நேரம் பார்த்து முடித்துக்கொள்கிறோம். கடலை எண்ணெய் விலை ஏறிக்கிடக்கிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சித்திரை முதல் நாள் சம்பந்தி வீட்டாரும் சேர்ந்து உன் வீட்டில் சாப்பிடப் போகிறார்கள், இலையில் தொட்டுக்கொள்ள ரங்கூன் வெஞ்சனம் நாலைந்தாவது இருக்க வேண்டும் என்று உன் பேத்தி ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்று எழுதியிருந்தாய். பர்மா பஜார் பக்கம் போய் அத்தோ, மொய்ங்கா என்று பர்மா நூடுல்ஸ் வாங்கி வைத்துவிட்டால் ஆயிற்று என்றானாம் உன் மகன். அத்தோவை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். 1960களில் பர்மாவில் கடையையும் வீட்டையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறிய சனங்கள் வியாசர்பாடியிலும் கடற்கரை ஓரத்திலும் அடுப்பு மூட்டி, அதை விற்றுத்தானே பிள்ளைகளை ஆளாக்கினார்கள்! 1969இல் பர்மா பஜார் வந்ததும் அந்தச் சனங்களால்தான். ஆனால் விற்கிற பண்டம்தான் கடைக்குப் போகும். ஒரு கிண்ணம் பிசைந்து இலை ஓரத்தில் ஒரு கரண்டி வைப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அதனால் அத்தோ, மொறுமொறு பேஜோ, மொய்ங்கா எல்லாம் சென்னையில் வேர்பிடித்துக்கொண்டன. வீட்டு வெஞ்சனம் மட்டும் அந்தந்த வீட்டுப் பெண்களோடு நின்றுபோயிற்று. உன் அம்மா கை வெஞ்சனம் ஒன்றைக்கூட உன் பேத்தி கண்ணால் பார்த்ததில்லை என்று படித்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் போன்யேஜி. நீ எதை விட்டாலும் இதை விடாதே. பகான், ஞாங்ஊ பக்கத்திலிருந்து வருகிற கருப்பு விழுது, ஞாபகம் இருக்கிறதா? கொள்ளை நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைப் புளிக்கவைத்து, தார் மாதிரி கெட்டியாகும்வரை காய்ச்சுவது. நம் ஊரில் கொள்ளு ரசம் வைக்கிற அதே கொள்ளுதான். ரங்கூன் தமிழ்வீடுகளுக்கு இது எவ்வளவு உதவியது என்று யோசித்துப் பார். பர்மியச் சமையலில் ஆழமான ருசியைக் கொடுப்பது ஙப்பி என்கிற மீன் விழுது. விரத நாளில், சாமிக்குப் படைக்கிற நாளில் மீன் விழுதை எப்படி அடுப்படியில் எடுப்பது? அந்த இடத்தில் போன்யேஜி வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் அப்பத்தா முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், புளிக்குழம்பு இறக்குகிற நேரத்தில்கூட அரைக் கரண்டி கரைத்து ஊற்றுவார். சாப்பிடுகிறவர்கள் இது என்ன இவ்வளவு கனமாக இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவார்கள்.

இலைக்கு வைப்பது பிசைந்த போன்யேஜி. விழுதில் இரண்டு கரண்டி எடுத்துக் கிண்ணத்தில் போடு. சின்ன வெங்காயத்தை மெல்லிசாகச் சீவி, தண்ணீரில் கொஞ்ச நேரம் கிடத்தி, பிழிந்து சேர். வறுத்த காய்ந்த மிளகாயைக் கையாலேயே நொறுக்கிப்போடு. வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாக இடித்துப் போட்டு, பூண்டு பொரித்த கடலை எண்ணெயைச் சூடு ஆறியபிறகு ஊற்றி விரலால் பிசை. கரண்டியால் கிண்டினால் விழுது வெங்காயத்தில் ஒட்டாமல் கட்டிகட்டியாக நிற்கும். உப்பைக் கடைசியில் பார், விழுதிலேயே உப்பு இருக்கும். வெறும் சோற்றில் ஒரு சிட்டிகை வைத்துச் சாப்பிடச் சொல். முதல் வாயில் சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தால் விட்டுவிடு, வற்புறுத்தாதே. மூன்றாவது வாயில் அவர்களே கேட்பார்கள்.

அடுத்தது புளிச்சக்கீரை, சின்பாங். உங்களூரில் ஆந்திரக்காரர் கடையில் கோங்குரா என்று கேட்டால் கட்டுக்கட்டாகக் கொடுப்பார்கள். கூடை நிறைய ஆய்ந்து போட்டாலும் வதங்கி ஒரு கைப்பிடிதான் வரும், அதனால் தாராளமாக வாங்கு. பர்மியர் இதில் இறாலும் ஙப்பியும் போடுவார்கள். சித்திரைக்கு அது வேண்டாம். மூங்கில் குருத்தைப் பொடியாக நறுக்கி, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, பூண்டு, பச்சைமிளகாய், மஞ்சளோடு வதக்கி, கீரையைப் போட்டுப் புரட்டி, அரைக் கரண்டி போன்யேஜி கரைத்து விடு. மூங்கில் குருத்து சென்னையில் டின்னில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். கிடைக்காவிட்டால் வாழைத்தண்டு போடு, கடிபடுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். பச்சைமிளகாயைக் கீறிப் போடாமல் முழுசாகவே போடுவார் என் அம்மா. காரம் வேண்டுகிறவர்கள் கடித்துக்கொள்வார்கள்.

இனி, எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. திஞ்சான் தண்ணிச்சோறு. ஏப்ரல் 13இலிருந்து 16வரை இங்கே தண்ணீர்த் திருவிழா, நம் வருஷப்பிறப்பு 14ஆம் தேதி நட்ட நடுவில் விழுகிறது. அன்றைக்கு யார் வீட்டுக்கு யார் விருந்துக்குப் போனாலும் தெருவில் நனையாமல் போய்ச் சேர முடியாது. பிரேசர் தெருவிலிருந்து மொகல் தெரு திரும்புவதற்குள் நம் பட்டுப்பாவாடை சொட்டச்சொட்ட நனைந்து, உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டது இன்னமும் கண்ணில் நிற்கிறது. பெயரெல்லாம் மாறிவிட்டது, இப்போது அனவ்ரத்தா தெரு, ஷ்வே பொந்தா தெரு. வெயிலிலும் தண்ணீரிலும் வந்தவர்களுக்கு எங்கள் வீட்டில் முதலில் கொடுப்பது அந்தச் சோறுதான். பாயசமும் வடையும் அதற்குப் பிறகு.

அது மோன் மக்களிடமிருந்து வந்த பழக்கம். மோல்மீன் பக்கத்தில் நன்றாகச் செய்வார்கள். அரிசியைக் குழையாமல் வடித்து, கஞ்சி பசை துளியும் இல்லாமல் போகும்வரை பச்சைத்தண்ணீரில் அலச வேண்டும். சோற்றைக் கையில் எடுத்தால் பருக்கை பருக்கையாகப் பிரியணும். ஒரு புது மண்பானையைக் கவிழ்த்து, உள்ளே தேன்மெழுகு புகையைப் பிடிக்கவை. புகை வெளியேறுவதற்கு முன்னால் பானையை நிமிர்த்தி, ஆறவைத்த தண்ணீரை ஊற்றி மூடிவிடு. மல்லிகைப்பூவைக் காம்பு கிள்ளி மேலே மிதக்கவிடு. சாப்பிடும் நேரத்தில் சோற்றை அந்தத் தண்ணீரில் போட்டுக் கொடுப்பது. நம் பழைய சோற்றைப்போல் இது புளித்திருக்காது, ருசி ரொம்ப மென்மை. அதனால்தான் தொட்டுக்கொள்வது சுள்ளென்று இருக்க வேண்டும். பர்மியர் விரால் கருவாட்டைப் பொரித்து உதிர்த்து வைப்பார்கள். அதோடு மாங்காய். நாம் மாங்காயை மட்டும் எடுத்துக்கொண்டோம். கிளிமூக்கு மாங்காயைக் குச்சிகுச்சியாகச் சீவி, உப்புப் பிசறிப் பிழிந்து, பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், வறுத்த எள், வறுத்த கடலைமாவு, மிளகாய்த்தூள் சேர்த்துப் பிசைவது. கடலைமாவு இல்லாமல் எந்தப் பிசைந்த வெஞ்சனமும் இங்கே நிற்காது. அதுதான் புளிப்பையும் எண்ணெயையும் இழுத்துப் பிடிக்கும். பொட்டுக்கடலையைப் பொடித்தாலும் சரியாகவே வரும்.

அந்த மாங்காய்க்குப் பக்கத்திலேயே நம் வேப்பம்பூ மாங்காய்ப் பச்சடியையும் வை. ஒரே காய், ஒன்று உறைப்பு, ஒன்று இனிப்பும் கசப்பும். எங்கள் வீட்டுப் பச்சடிக்குப் பனைவெல்லம்தான், மேல்பர்மா பனைகளிலிருந்து வருவது, நிறம் கறுத்திருந்தாலும் மணமே தனி. பர்மியரும் வேப்பங்கொழுந்தை அவித்துப் புளி சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவார்கள் என்பதால், பச்சடியை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தால் கசக்கிறதே என்று ஒருவரும் சொன்னதில்லை. நாம் பச்சடி கொடுத்தனுப்பினால் அவர்கள் மொன் லொன் யே போ கொடுத்தனுப்புவார்கள், உள்ளே வெல்லம் வைத்துக் கொதிநீரில் போட்டெடுக்கிற அரிசிமாவு உருண்டை. ஒன்றிரண்டில் வெல்லத்துக்குப் பதில் மிளகாய் வைத்திருப்பார்கள். பிள்ளைகளை அதைச் செய்யச் சொல், மாவு பிசைந்து உருட்டுகிற வேலை அவர்களுக்குப் பிடிக்கும்.

படையலுக்குச் சுட்ட மசால்வடை மிஞ்சுமே, அதை என்ன செய்வாய்? இங்கே அதையும் பிசைந்துவிடுவார்கள். ஆறின வடையைப் பிய்த்துப் போட்டு, முட்டைக்கோஸை நூல்போல் நறுக்கி, வெங்காயம், கொத்தமல்லி, புளிக்கரைசல், கடலைமாவு, பூண்டெண்ணெய் சேர்த்து ஒரு புரட்டு. வடை புளியை உறிஞ்சி, ஓரம் மட்டும் மொறுமொறுப்பாக இருக்கிற நேரத்தில் சாப்பிட்டுவிட வேண்டும். தமிழர் தெருவில் விற்ற வடையைப் பர்மியர் தங்கள் வழியில் பிசைந்தார்கள், அது திரும்பி நம் வீட்டு இலைக்கே வந்துவிட்டது. சாயங்காலம் வருகிறவர்களுக்கு இதைக் கொடு.

ஷான் தோஃபு செய்வதானால் முந்தின நாளே செய்துவிடு. சோயா வேண்டாம், கடலைமாவை மஞ்சள், உப்போடு கரைத்து வடிகட்டி, கிண்டிக்கொண்டே கெட்டியாக்கித் தட்டில் கொட்டினால் தானே உறையும். மறுநாள் துண்டுபோட்டுப் பொரித்து, புளித் துவையலோடு வை. தஞின் காயை, அந்த வாடை அடிக்கிற மரக்கொட்டையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது அங்கே கிடைக்காது, கிடைத்தாலும் வேண்டாம். சித்தப்பாவுக்கு உயிர்தான், ஆனால் அதிகம் தின்றால் நீர்க்கட்டு வந்து சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும். விருந்து இலையில் வைக்கிற பொருளில்லை.

சாப்பாடு முடிந்ததும் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் லப்பெட். ஷான் மலையில் நம்சான் பக்கத்துப் பலாங் மக்கள் இளந்தேயிலையை ஆவியில் அவித்து, மாதக்கணக்கில் அழுத்திப் புளிக்கவைப்பது. பழத்தில் மாம்பழம், இலையில் லப்பெட் என்று பர்மியர் சொல்வதை நீ மறந்திருக்கமாட்டாய். அறை அறையாகப் பிரித்த அரக்குப்பெட்டியில் நடுவில் தேயிலை, சுற்றி வறுத்த எள், பொரித்த பூண்டு, வேர்க்கடலை, பொரித்த பருப்பு. கருவாட்டு இறாலை மட்டும் விட்டுவிடு. இதைப் பிசைந்து வைக்கக் கூடாது என்பது என் கட்சி. அவரவர் மூன்று விரலால் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருக்கத்தான் அது. ராத்திரி மட்டும் கிழவிகள் தொடக் கூடாது, தூக்கம் போய்விடும்.

போன்யேஜியும் லப்பெட்டும் சூரத்தி பஜாரில் வாங்கிக் கட்டிவைத்திருக்கிறேன். பங்குனிக் கடைசியில் எதிர்வீட்டுத் தம்பி சென்னை வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். போன்யேஜியைக் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி மேலே எண்ணெய் ஊற்றிவை. பேத்தியை அடுப்படியில் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய், எழுதிக்கொடுத்துவிட்டு நகராதே. சோறு அலசுவதும் பிசைவதும் கையால் தொட்டுப் பார்த்தால்தான் வரும்.

இதற்குப் பதிலாக நீ எனக்கு ஒன்று எழுத வேண்டும். உன் மாமியார் காரைக்குடி வழக்கப்படி கல்யாணப் பந்திக்குக் கவுனி அரிசி செய்வார் என்று சொல்லியிருக்கிறாய். அந்த அரிசி பர்மாவிலிருந்து செட்டியார்கள் கொண்டுபோனது என்பார்கள். இங்கே நாங்கள் அதை அவித்து, தேங்காய்ப்பூவும் எள்ளுப்பொடியும் தூவிக் காலையில் சாப்பிடுவதோடு சரி. அவர் எப்படிச் செய்வார் என்பதை அளவோடு எழுது. அப்புறம் அவர் வைக்கிற வெண்டைக்காய் மண்டி. இங்கே என் பேத்தி சித்திரைக்கு அதையும் வைக்க ஆசைப்படுகிறாள். அதற்கு அரிசி களைந்த முதல் தண்ணீரா, இரண்டாம் தண்ணீரா என்பதை மறக்காமல் எழுது. மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் அன்புத் தோழி,
ரங்கூன்