தட்டில் தெரியாத பாதி

அன்பு மகளுக்கு,

எட்டாம் நாள் காலையில் தட்டில் குதிரைக் கரு பிளாஸ்டோசிஸ்டாக, அதாவது கருப்பையில் வைக்கத்தக்க பருவத்துக்கு, வளர்ந்திருக்கக் கண்டதும் கரு வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியின் கதவைச் சாத்திவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை உன் அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். ஒற்றை விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தி, அதை எட்டு நாள் வளர்த்தெடுப்பது என் காலத்தில் எங்களுக்குக் கைகூடாத வேலை.

எங்களுக்குக் கருவை வளர்த்துத் தந்தது பெண் குதிரையின் உடம்புதான். முட்டை வெளிப்பட்ட ஏழாம் நாளோ எட்டாம் நாளோ கருப்பைக்குள் லிட்டர் கணக்கில் திரவத்தை விட்டுக் கழுவி, வடிகட்டியில் தங்கியதை நுண்ணோக்கியில் தேடுவோம். ஏழாம் நாள் கரு பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கருவுறாத முட்டை குதிரையின் கருக்குழாயிலேயே தங்கிவிடும். கருவுற்றது மட்டும் தானே புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, குழாயைத் தளர்த்தி, ஆறாம் நாள் வாக்கில் கருப்பைக்கு இறங்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது. 1970களில் குதிரைக் கருக்களை முயலின் கருக்குழாயில் வைத்துக் கேம்பிரிட்ஜிலிருந்து போலந்தின் கிராக்கோவுக்குக் கொண்டுபோனார்கள். உயிருள்ள உடம்பைவிட நல்ல பெட்டி அன்று எவரிடமும் இல்லை.

உன் கரு இப்போது உறைநிலையில் காத்திருக்கிறது. அதை வயிற்றில் சுமக்கப்போகும், கரு ஏற்கும் குதிரையைப் பற்றி உன் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒருமுறை கருவைத் தரும் வயதான கொடைக் குதிரையிடமிருந்து அப்பழுக்கில்லாத ஒரு கரு கிடைத்தது. அன்று அதை ஏற்க இரண்டு குதிரைகள் கைவசம் இருந்தன. முதல் குதிரை கொடைக் குதிரைக்கு ஒரு நாள் பின்னால் முட்டை விட்டது, கணக்குக் கச்சிதம். ஆனால் கையை விட்டுப் பார்த்தபோது கருப்பை தளர்ந்து கிடந்தது, கருப்பை வாய் சரியாக மூடியிருக்கவில்லை. மற்றது மூன்று நாள் பின்னால் முட்டை விட்டது. அதன் கருப்பை குழாய்போல் இறுகித் திரண்டிருந்தது, வாயும் நீண்டு கெட்டியாக மூடியிருந்தது. மூன்று நாள் பின்தங்கிய குதிரையும் கருவை ஏற்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் நான் கையை நம்பாமல் நாட்காட்டியை நம்பினேன். ஒரு வாரம் கழித்து ஸ்கேனில் எதுவும் இல்லை. அந்தக் கிழட்டுத் தாய் பிறகு இன்னொரு கரு தரவேயில்லை. பிசகு முழுக்க என்னுடையது.

உன் வேலையில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமானது. பதிவேட்டில் எட்டாம் நாள் என்று இருந்தாலும், தட்டில் வளர்ந்த கரு உடம்புக்குள் வளர்ந்ததைவிடப் பின்தங்கித்தான் இருக்கும். உடம்புக்குள் அந்த வயதில் கருவைப் போர்த்தியிருக்கும் உறை இதற்கு இன்னும் அமைந்திருக்காது. ஆகவே முட்டை விட்டு நான்கைந்து நாளே ஆன குதிரையைத் தேர்ந்தெடு. எட்டுக்கு எட்டு என்று யாராவது பொருத்தினால் தடுத்துப் பேசு. அங்கே நீ புதியவள் என்பதற்காகத் தயங்காதே.

கரு மாற்றும் நாளில் ஆய்வகத்துக்குள்ளேயே இருந்துவிடாமல் லாயத்துக்குப் போ. குதிரை மிரண்டிருக்கிறதா, கருப்பையில் நீர் தேங்கியிருக்கிறதா, முட்டை வெளிப்பட்ட இடத்தில் உருவாகும் கார்ப்பஸ் லூட்டியம் ஸ்கேனில் நன்றாகத் தெரிகிறதா என்று நீயே பார். உள்ளே போன கரு ஓரிடத்தில் ஒட்டிக்கொள்வதில்லை. பதினாறாம் நாள் வரை கருப்பையின் இரண்டு கொம்புகளிலும் உருண்டு திரிந்து, தான் வந்திருப்பதைத் தாய்க்கு அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்தால்தான் அவள் அடுத்த சினைப்பருவத்துக்குத் திரும்பாமல் இருப்பாள். இருபத்தைந்தாம் நாள் வாக்கில் இதயத்துடிப்பு தெரியும். அப்புறம் ஏறத்தாழ பதினொரு மாதச் சுமையும் பாலூட்டலும் முழுக்க அவளுடையவை. குட்டியின் மரபணுவில் அவளுக்குப் பங்கில்லை என்பதற்காக அவளை வெறும் எண்ணால் குறிப்பிடும் வழக்கம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

கருவின் தரத்தை நீ கேட்காமலே எழுதிவிடுவாய். அடுத்த கடிதத்தில் அந்தக் குதிரையைப் பற்றி எழுது: வயது என்ன, இதற்கு முன் எத்தனை குட்டி ஈன்றிருக்கிறாள், கையை விட்டபோது கருப்பை எப்படி இருந்தது.

அன்புடன்,
அப்பா