"ஸ்கூல் எத்தனை?": டெக்சஸ் வாழ் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டெக்சஸ் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு வளைகாப்பில், புதிதாக வீடு தேடும் இளம் தம்பதி என்னருகே வந்து உட்கார்ந்தார்கள். "அக்கா, உங்க பக்கம் ஸ்கூல் எத்தனை?" என்று அந்தப் பெண் கேட்டாள். எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று அவள் கேட்கவில்லை. வீடு விற்கும் இணையதளங்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் பத்துக்கு எத்தனை போட்டிருக்கின்றன என்பதுதான் கேள்வி. "எலிமெண்டரி ஒன்பது, மிடில் எட்டு, ஹைஸ்கூல் எட்டு" என்று மளமளவென்று சொல்லிவிட்டேன். அவள் முகம் மலர்ந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதில் என்னை உறுத்தியது. பத்தொன்பது ஆண்டுகளாக இதே பதிலை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த எண்ணின் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

ஊரில் கல்வி மாவட்டம் என்றால் கல்வித் துறையின் ஒரு நிர்வாகப் பிரிவு. முடிவெல்லாம் சென்னையில் ஆகும். இங்கே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது தனி அரசாங்கம். டெக்சஸில் அப்படி ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. வரி போடும் அதிகாரம் அவற்றுக்கு உண்டு. வாக்காளர் ஒப்புதலோடு கடன் பத்திரமும் வெளியிடலாம். மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம்தான் ஆள்கிறது. அந்த வாரிய உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. நம் வீட்டு வரிச் சீட்டில் பெரும்பாலும் மிகப் பெரிய வரி அந்த மாவட்டத்துக்குத்தான் போகிறது. வாடகைக்கு இருப்பவர்களும் வாடகைக்குள் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இத்தனை இருந்தும், நகர மேயரின் பெயர் தெரிந்த நம்மில் பலருக்குத் தம் பள்ளி வாரியத்தில் ஒருவர் பெயர்கூடத் தெரியாது. எனக்கும் பதினோரு ஆண்டுகள் தெரியாது.

ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு மாவட்டங்கள்; ஒரே பெருநகரப் பகுதி. 1968 மே மாதத்தில் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். உடைந்த ஜன்னல்களும் தகுதியான ஆசிரியர் இல்லாததும் அவர்களுடைய குறை. விமானப் படைத் தளத்தில் உலோகத் தகடு வேலை பார்த்த டெமெட்ரியோ ரொட்ரிகஸ் என்ற தந்தை, மற்றப் பெற்றோருடன் சேர்ந்து வழக்குப் போட்டார். நீதிமன்ற ஆவணத்தில் உள்ள கணக்கு இது: எட்ஜ்வுட் மக்கள் சொத்து மதிப்பில் 100 டாலருக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அந்தப் பெருநகரப் பகுதியிலேயே அதுதான் மிக அதிக விகிதம். அதிலிருந்து ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸ் கட்டியது 0.85 டாலர்தான், பிள்ளைக்குக் கிடைத்தது 333 டாலர். மாநில, ஒன்றிய உதவி எல்லாம் சேர்த்த பிறகும் எட்ஜ்வுட் பிள்ளைக்கு 356, அலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 594.

அதிக வரி கட்டிய ஏழைக்குத் தரம் குறைந்த பள்ளி. வீட்டு மதிப்பின் மேல் பள்ளியைக் கட்டினால் கணக்கு இப்படித்தான் வரும். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று ரொட்ரிகஸுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கல்வி ஒன்றிய அரசியல் சட்டம் தந்த அடிப்படை உரிமை அல்ல என்றது. நீதிபதி தர்குட் மார்ஷல் அதை மறுத்து நீண்ட தீர்ப்பு எழுதினார். பிறகு எட்ஜ்வுட் மக்கள் மாநில நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1989இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் நின்றது. வளமான மாவட்டங்களின் வரியில் ஒரு பங்கை மாநிலம் எடுத்துக்கொள்ளும் "ராபின் ஹூட்" ஏற்பாடு 1993இல் வந்தது அந்தப் போராட்டத்தின் விளைவாகத்தான். "ஸ்கூல் எத்தனை?" என்று நாம் கேட்கும் கேள்விக்குள் இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது. அந்த எண்ணைத் தேடி நாம் ஓடுகிறோம்; நாம் ஓடி வருவதால் வீட்டு விலை ஏறுகிறது; விலை ஏறியதும் அந்த எண் நமக்கு மட்டுமானதாகிவிடுகிறது.

இனி ஹூஸ்டன். நம்மில் பலர் தினமும் வேலைக்குக் கடந்து போகும் மாவட்டம் அது, டெக்சஸிலேயே பெரியது. அதன் கிழக்குப் பக்கத்தில் ஃபிலிஸ் வீட்லி உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, 1773இல் கவிதை நூல் வெளியிட்ட பெண்ணின் பெயர் அதற்கு. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பார்பரா ஜோர்டன் படித்த பள்ளி. ஒரு பள்ளி தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் தேறாவிட்டால், அந்தப் பள்ளியை மூட வேண்டும் அல்லது மாவட்ட வாரியத்தையே மாநிலம் விலக்க வேண்டும் என்று 2015இல் ஒரு சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த சட்டமன்ற உறுப்பினர் ஹெரால்ட் டட்டனே வீட்லியில் படித்தவர். அந்தச் சட்டத்தின்படியும், வாரியத்தின் நடத்தை குறித்த விசாரணையின்படியும், 2019இல் மாநிலக் கல்வி முகமை ஹூஸ்டனைக் கையில் எடுக்க முனைந்தது. வழக்குகளால் அது தள்ளிப்போனது. 2023 ஜூன் 1 அன்று, மக்கள் தேர்ந்தெடுத்த ஒன்பது பேரின் அதிகாரம் போய், மாநிலம் நியமித்த ஒன்பது பேர் அமர்ந்தார்கள். மாவட்டத்தை நடத்தும் கண்காணிப்பாளராக மைக் மைல்ஸ் வந்தார். அதற்குள் வீட்லி பள்ளி தேர்ச்சித் தரம் பெற்றுவிட்டிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மைல்ஸ் செய்ததில் பலன் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மாநிலம் பள்ளிகளுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் போடுகிறது. 2023இல் கடைசித் தரங்களான டி அல்லது எஃப்பில் 121 பள்ளிகள் இருந்தன; 2025 ஆகஸ்டில் வந்த தரப்பட்டியலில் எஃப் ஒன்றுகூட இல்லை. கணக்கிலும் வாசிப்பிலும் பின்தங்கிய பிள்ளைகள் முன்னேறியிருக்கிறார்கள் என்றால், அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு அது பெரிய விஷயம். அவருடைய மாற்றத் திட்டத்துக்கு உட்பட்ட பள்ளிகளில் ஆசிரியர் ஊதியத்தையும் உயர்த்தினார்கள். ஆனால் அதே பள்ளிகளில் நூலகர் பணியிடங்கள் போயின. வகுப்பில் இடையூறு செய்யும் பிள்ளைகளை அனுப்பி, திரையில் பாடம் பார்க்க வைக்கும் அறைகளாக நூலகங்கள் மாறின. பாடம் நிமிடக் கணக்கில் எழுதி வந்தது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் விலகினார்கள். பெருந்தொற்றுக்கு முன் 2 லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் இருந்த மாவட்டம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது.

இவற்றைப் பற்றிப் பெற்றோர் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார்கள். கேட்டவர்கள் அவர்கள் வாக்கால் வந்தவர்கள் இல்லை. கடைசியில் 2024 நவம்பரில் 440 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் கேட்டபோது, மக்கள் "வேண்டாம்" என்று வாக்களித்தார்கள். பழைய கட்டடங்களுக்கும் குளிர்சாதனத்துக்கும் பணம் தேவை என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. பேச வேறு வழி இல்லாதபோது, கையில் மிச்சமிருந்த ஒரே வாக்கை அதற்குப் பயன்படுத்தினார்கள். மாநிலப் பிடி 2027 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நியமன வாரியத்தினர் யாராவது இதைப் படித்தால் ஒரே வேண்டுகோள்: கவிஞரின் பெயரில் பள்ளி இருக்கும் ஊரில் நூலகக் கதவுகளைத் திறந்து, நூலகர்களைத் திரும்ப அழையுங்கள்.

"அது ஹூஸ்டன், நம்ம மாவட்டம் அப்படியில்லை" என்று சொல்லாதீர்கள். 2025 அக்டோபரில் ஃபோர்ட் வொர்த் மாவட்டத்தையும் மாநிலம் எடுக்கப்போவதாக அறிவித்தது; அங்கும் ஒரு பள்ளியின் தொடர் தோல்விதான் காரணம். நாம் திரளாக வாழும் பிளேனோ 2024 ஜூனில் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. லூயிஸ்வில் மாவட்டம் ஐந்து தொடக்கப் பள்ளிகளை மூட முடிவெடுத்தது. ஒன்பது, பத்து என்று எண் போட்ட ஊர்கள்தாம் இவை. அந்த வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். அந்த விலைக்கு இளம் குடும்பங்களால் உள்ளே வர முடியவில்லை. இன்னொரு பக்கம், மாநிலம் ஒரு பிள்ளைக்குத் தரும் அடிப்படைத் தொகை 2019இலிருந்து 6,160 டாலரிலேயே நின்றது. இடையில் விலைவாசி எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். 2025இல் சட்டமன்றம் ஆசிரியர் ஊதியத்துக்குத் தனியாகப் பணம் ஒதுக்கியது, அது நல்லது. அடிப்படைத் தொகையில் 55 டாலர் மட்டுமே கூட்டியது. அதே ஆண்டில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு உதவ 100 கோடி டாலர் திட்டமும் சட்டமானது.

நம் வீட்டுக்குள்ளேயே நடக்கும் ஒன்றையும் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். டெக்சஸில் மாநில உதவி, பதிவேட்டில் எத்தனை பெயர் என்று பார்த்து வருவதில்லை; அன்றாடம் எத்தனை பேர் வந்தார்கள் என்ற சராசரியைப் பார்த்து வருகிறது. டிசம்பரில் டிக்கெட் மலிவு என்று விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே ஊருக்குப் புறப்பட்டு, பொங்கலையும் முடித்துக்கொண்டு வருகிறோமே, அந்த நாள்களுக்கு நம் பள்ளிக்குப் பணம் குறைகிறது. தாத்தா பாட்டியைப் பார்க்கப் போக வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. நானே போயிருக்கிறேன். கோடையில் போக முடிந்தால் போங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நம் வரவேற்பறைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம் எனக்கு வலிக்கிறது: "அந்த ஏரியா பிள்ளைங்க அப்படித்தான், பெத்தவங்க சரியில்ல." மிசிசிப்பியைப் பாருங்கள். நாட்டின் மிக ஏழை மாநிலங்களில் ஒன்று. நான்காம் வகுப்பு வாசிப்பில் 2013இல் மாநிலங்களில் 49ஆம் இடம். அந்த ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுத்தரும் முறையில் ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுத்தார்கள். மிகப் பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்சியாளர்களை அனுப்பினார்கள். மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளையை அப்படியே மேலே தள்ளாமல் நிறுத்திக் கற்றுக்கொடுத்தார்கள். 2024 தேசியத் தேர்வில் 9ஆம் இடம். அங்கே பெற்றோர் மாறிவிடவில்லை. மூன்றாம் வகுப்பில் நிறுத்துவது சரியா என்ற விவாதம் இன்னும் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு வராது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? குடியுரிமை உள்ளவர்கள் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களியுங்கள். பல மாவட்டங்களில் அது மே மாதத்தின் முதல் சனிக்கிழமை. முப்பது நாள் முன்னதாகப் பதிந்திருக்க வேண்டும். பதிந்த வாக்காளர்களில் பத்தில் ஒருவர்கூட வராத தேர்தல்கள் அவை. நம் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு வரும் கூட்டம் அங்கே முடிவையே மாற்றும்.

பச்சை அட்டை வரிசையில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நிற்பவர்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் குரல் உண்டு. வாரியக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலில் உள்ள எந்தப் பொருள் பற்றியும் பொதுமக்கள் பேச மாநிலச் சட்டம் இடம் தருகிறது. பேசுபவர் குடியுரிமை உள்ளவரா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. இன்னொன்று பலருக்குத் தெரியாது: உடனடி மொழிபெயர்ப்புக் கருவி இல்லாத இடத்தில், மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுபவருக்குக் குறைந்தது இருமடங்கு நேரம் தர வேண்டும். பேரப் பிள்ளையைத் தினமும் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகும் உங்கள் அம்மா, அந்தச் சாலைக் கடப்பில் காவலர் இல்லை என்று தமிழிலேயே சொல்லலாம். பக்கத்தில் நின்று நீங்கள் மொழிபெயர்க்கலாம்.

பல ஊர்களில் நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நடப்பதே இந்த மாவட்டங்களின் கட்டடங்களில்தான். அ, ஆ எழுதிய கரும்பலகையும் அவர்களுடையது. அங்கே ஒரு சனிக்கிழமை, பாடம் முடிந்த பிறகு, அரை மணி நேரம் ஒதுக்கித் தரும்படி தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளைக் கேட்கிறேன். வரவு செலவை எப்படிப் படிப்பது, பேச எப்படிப் பெயர் கொடுப்பது என்று நான் கற்றுக்கொண்டதைச் சொல்லித் தருகிறேன்.

எங்கள் மாவட்டத்தின் அடுத்த வாரியக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். தொடக்கப் பள்ளி நூலகங்களின் நேரத்தைக் குறைப்பது நிரலில் இருக்கிறது. எனக்கு மூன்று நிமிடம். வளைகாப்பில் என்னைக் கேட்ட அந்தப் பெண்ணை அழைத்தேன், வருகிறேன் என்றாள். காரில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. மாலை ஆறு மணிக்குக் கிளம்புவோம்.

அன்புடன்,
ஹூஸ்டன் புறநகரிலிருந்து ஒரு தாய்