எங்கள் கடலில் ஒரு துண்டையாவது விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய சுரங்கக் குத்தகை வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். அரியலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பாடம் நடத்துகிறவன் எழுதுகிறேன்.

போன மாதம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றின் ஓரத்துக்குக் கூட்டிப் போனேன். உள்ளே இறங்கவில்லை. வேலிக்கு வெளியே கொட்டிக் கிடந்த மண்ணைத்தான் கிளறினோம். உள்ளங்கை அகலத்தில், சுருள் சுருளாக, கல்லாய்ப் போன நத்தை ஒன்று ஒரு பெண் பிள்ளைக்குக் கிடைத்தது. "சார், நம்ம ஊர்ல கடல் இருந்துச்சா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் காவலாளி வந்து அதை வாங்கிக் குவியலில் போட்டுவிட்டார். எதையும் எடுக்கவிடக் கூடாது என்று அவருக்கு உத்தரவாம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கொஞ்ச நேரத்தில் இயந்திரம் வந்து அந்தக் குவியலை அள்ளி டிப்பரில் கொட்டியது. லாரி போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள் அந்தப் பிள்ளை.

கடல் இருந்தது. ஏறக்குறைய ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அது விலகும்வரை இங்கே வாழ்ந்த நத்தைகளையும் சிப்பிகளையும் பற்றி 1860களிலேயே ஸ்டோலிச்கா என்ற அறிஞர் தொகுதி தொகுதியாக எழுதத் தொடங்கினார். உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்து ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வாங்கிய பெரும் டைனோசரின் எலும்புகள் பாதுகாக்க ஆளில்லாமல் பொடிந்து போனதும் தெரியும். படங்கள்தான் மிச்சம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். தோண்டி முடித்த பள்ளங்களில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, பாறை அடுக்குகள் தெரியும்படி அப்படியே விட்டு வேலி போட்டுக் காப்பாற்றுங்கள். வாரணவாசியில் இப்படிக் கல்லாய்ப் போன உயிர்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது, சரி. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பதும் கிடைத்த இடத்திலேயே பார்ப்பதும் ஒன்றா?

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி எங்கள் மாவட்டத்தில் நாங்கள் 7,54,894 பேர். பத்தில் ஒன்பது பேர் கிராமத்தில்தான் இருக்கிறோம். எங்கள் மண்ணில் எடுத்த கல் சிமெண்டாகி எத்தனையோ ஊர்களில் மாடி மாடியாக நிற்கிறது. எங்கள் பிள்ளைகளுக்குப் புழுதியும், பள்ளிக்கூடச் சாலையில் லாரிக்கு ஒதுங்கி நிற்கும் பழக்கமும் மட்டும்தான் பங்கா? அரியலூர் என்றதும் கங்கைகொண்ட சோழபுரத்தைச் சொல்கிறவர்கள், அந்தக் கோயிலுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் மூத்ததை ஏன் இப்படி அரைக்கவிடுகிறார்கள்?

மன்னிக்க வேண்டும், குரல் உயர்ந்துவிட்டது. சுரங்கத்தை மூடச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு ஆட்களும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். ஒரு பள்ளம் போதும். அடுத்த குத்தகை ஆணையில் இதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இடம் பார்க்க வரும் நாளைச் சொல்லி அனுப்புங்கள். பிள்ளைகளோடு வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
அரியலூர்க்கார ஆசிரியர் ஒருவர்